கம்ப்யூட்டர் பக்கத்தில் ஸ்பீக்கர்: காந்தத்தைவிட அதிர்வைக் கவனியுங்கள்

"ஸ்பீக்கரைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைக்காதே, கெட்டுப்போகும்" என்ற எச்சரிக்கையைக் கேட்டிராதவர்கள் குறைவு. ஏன் என்று கேட்டால், "உள்ளே காந்தம் இருக்கிறதல்லவா" என்று பதில் வரும். காந்தம் இருப்பது உண்மைதான். ஒருகாலத்தில் அது கம்ப்யூட்டர் மேசையில் நிஜமாகவே வம்பு செய்ததும் உண்மை. ஆனால் அந்த எச்சரிக்கை பிறந்தபோது மேசைமேல் இருந்த சாமான்கள் வேறு, இன்று இருப்பவை வேறு. எச்சரிக்கை மட்டும் வாய்வழியாக அப்படியே வந்து சேர்ந்துவிட்டது. காந்தத்துக்குப் பயந்து எல்இடி மானிட்டரிலிருந்து இரண்டடி தள்ளி ஸ்பீக்கரை வைப்பவரே, தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரைக் கொண்டுபோய் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும் சிபியு பெட்டியின் தலையில் ஏற்றியும் வைப்பார். தள்ளிவைத்ததற்குத் தேவையே இல்லை. ஏற்றிவைத்ததில்தான் வில்லங்கம்.

ஸ்பீக்கரிலிருந்து காந்தப்புலம் வெளியே வருகிறது, அதிர்வு வருகிறது, கொஞ்சம் சூடும் வருகிறது. எதிர்த்திசையிலும் ஒரு போக்குவரத்து உண்டு: கம்ப்யூட்டரும் அதைச் சுற்றியுள்ள அடாப்டர், ஃபோன் போன்றவையும் ஸ்பீக்கருக்குள் மின் இரைச்சலை அனுப்புகின்றன. இவற்றில் எது எந்தப் பாகத்தைத் தொடும் என்று தெரிந்துவிட்டால், எதை எங்கே வைப்பது என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

காந்தம் எவ்வளவு தூரம் எட்டும்?

ஸ்பீக்கரின் கூம்புக்குப் பின்னால் ஒரு நிலைக்காந்தம் இருக்கிறது. அது அசையாது. அதன் இரும்புத் தகடுகளுக்கு நடுவே வளையம்போல மெல்லிய இடைவெளி ஒன்று விட்டிருப்பார்கள். அந்த இடைவெளிக்குள் ஒரு கம்பிச்சுருள் தொங்கும். அதற்கு வாய்ஸ் காயில் என்று பெயர். பாட்டின் மின்னோட்டம் அந்தச் சுருளில் ஓடும்போது காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது. சுருளோடு ஒட்டிய கூம்பும் சேர்ந்து அசைகிறது, காற்று அதிர்கிறது, நமக்குக் கேட்கிறது.

இடைவெளிக்குள் காந்தப்புலம் சுமார் 1 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இருக்கும். பலமான புலம்தான். ஆனால் வேலை நடக்க வேண்டிய இடமே அதுதான் என்பதால், புலம் முழுவதையும் அங்கேயே குவிக்கும்படிதான் இரும்புத் தகடுகளை அமைத்திருப்பார்கள். நம் மேசைக்கு வருவது அதிலிருந்து கசியும் மிச்சம் மட்டுமே. கறுப்பாக, கனமாக, வளைய வடிவில் இருக்கும் ஃபெரைட் காந்தம் கூடுதலாகக் கசியும். சிறிய ஸ்பீக்கர்களில் வரும் நியோடிமியம் காந்தம் பெரும்பாலும் இரும்புக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதனால் அது பலசாலியாக இருந்தும் வெளியே காட்டுவது குறைவு.

கசிந்ததும் வெகுதூரம் போகாது. காந்தத்தின் அளவைவிடச் சற்றுத் தள்ளிப் போய்விட்டால், தொலைவு இரண்டு மடங்காகும்போது புலம் எட்டில் ஒன்றாகிவிடும். பாதியாகக்கூட அல்ல, எட்டில் ஒன்று. ஒரு ஸ்பீக்கரிலிருந்து 10 செ.மீ. தொலைவில் 1 மில்லிடெஸ்லா இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. போனால் 0.125. 40 செ.மீ. போனால் சுமார் 0.016 மில்லிடெஸ்லா. பூமியின் காந்தப்புலமே இடத்துக்கு இடம் 0.025 முதல் 0.065 மில்லிடெஸ்லா வரை இருக்கிறது. ஆக, ஒன்றரை அடிக்குள்ளேயே அந்த ஸ்பீக்கர் நாம் பிறந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கும் பூமியின் காந்தத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். ஸ்மார்ட்ஃபோனில் காந்தமானி செயலி ஒன்றைப் போட்டால் மைக்ரோடெஸ்லாவில் (மில்லிடெஸ்லாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எண் காட்டும். சும்மா வைத்திருந்தால் 25-க்கும் 65-க்கும் நடுவே ஏதோ ஒன்று வரும். மேசையில் இரும்புச் சட்டம் இருந்தால் சற்று மாறும், பரவாயில்லை. ஃபோனை ஸ்பீக்கரை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். முதல் சில அடிகளுக்கு எண் அசையவே அசையாது. கடைசி ஒரு சாணில் சரசரவென்று ஏறும். நூறு, இருநூறு வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள், ஸ்பீக்கரோடு ஒட்டத் தேவையில்லை. ஃபோன் கேமராவில் படம் ஆடாமல் இருக்க லென்ஸைப் பிடித்திருப்பதும் குட்டிக் காந்தங்கள்தான். காம்பஸும் கொஞ்ச நேரம் திசை மறந்து திரியும்.

பழைய எச்சரிக்கையின் பூர்வீகம்

அப்படியானால் இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது? பிக்சர் டியூப் மானிட்டரிலிருந்து. அதில் படம் வரைவது எலக்ட்ரான் கற்றை. டியூபின் பின்னாலிருந்து கிளம்பும் மூன்று கற்றைகள், திரைக்குச் சற்று உள்ளே இருக்கும் துளைகளிட்ட மெல்லிய உலோகத் தகடு வழியாகப் புகுந்து, சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளில் தத்தம் புள்ளியை மட்டும் குறிபார்த்து அடிக்க வேண்டும். பறந்துவரும் எலக்ட்ரானை வளைப்பதற்கு மிகச் சிறிய காந்தப்புலமே போதும். பக்கத்தில் ஸ்பீக்கர் வந்தால் சிவப்புக் கற்றை பச்சைப் புள்ளியில் விழும். திரையின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகக் கறை படர்ந்துவிடும்.

இதைவிட எரிச்சலான விஷயம், ஸ்பீக்கரை எடுத்த பிறகும் கறை போகாது. உள்ளே இருக்கும் அந்தத் தகடு காந்தமேறிவிட்டிருக்கும். அதற்காகவே டியூபைச் சுற்றி ஒரு செம்புச்சுருளை வைத்திருந்தார்கள். மானிட்டரை ஆன் செய்ததும் அந்தச் சுருளில் பலமான மாறுமின்னோட்டம் பாய்ந்து, ஓரிரு நொடிகளில் தேய்ந்து அடங்கும். காந்தம் இப்படியும் அப்படியுமாகப் புரட்டப்பட்டு, ஒவ்வொரு புரட்டலிலும் வலு குறைந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். ஆன் செய்தவுடன் "டொய்ங்ங்" என்று ஒரு சத்தமும், படம் ஒருமுறை குலுங்கி நிற்பதும் நினைவிருப்பவர்களுக்கு, அது இதுதான். சில மானிட்டர்களில் இதற்குத் தனி பட்டனே உண்டு. அதைத் தொடர்ந்து அழுத்திப் பயனில்லை. மின்னோட்டத்தைத் தேய்த்து அடக்கும் பாகம் சூடேறித்தான் வேலை செய்கிறது. அது ஆறுவதற்குச் சில நிமிடம் விட்டால்தான் அடுத்த முறை முழுவீச்சில் வேலை செய்யும்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களில் "காந்தக் கவசம் உள்ளது" என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தது இதற்காகத்தான். கவசம் என்றதும் ஏதோ மந்திரத்தகடு என்று நினைக்க வேண்டாம். பிரதான காந்தத்தின் முதுகில், துருவம் எதிரெதிராக இருக்கும்படி இன்னொரு காந்தத்தை ஒட்டி, இரண்டையும் சேர்த்து ஓர் இரும்புக் கிண்ணத்தால் மூடிவிடுவார்கள். பின்பக்கக் கசிவை இரண்டாவது காந்தம் பெருமளவு அடித்துவிடும், மிச்சத்தை இரும்பு தன் வழியாகவே திருப்பி அனுப்பிவிடும். வரவேற்பறை இசைக்காகச் செய்த பெரிய ஸ்பீக்கர்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு இருக்காது. இன்றும் பழைய வீடியோ கேம்களுக்காகவோ, பழைய அளவுக் கருவிகளுக்காகவோ பிக்சர் டியூப் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மட்டும் அந்த எச்சரிக்கை வரிக்கு வரி பொருந்தும்: கவசமில்லாத ஸ்பீக்கர் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

எல்சிடியிலும் (எல்இடி மானிட்டர் என்று விற்பதும் இந்த வகைதான்), ஓஎல்இடியிலும் எலக்ட்ரான் கற்றையே கிடையாது. ஒன்றில் மின்னழுத்தம் திரவப் படிகத்தைத் திருப்பி ஒளியை விடுகிறது அல்லது மறைக்கிறது. மற்றதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. வளைவதற்கு எதுவும் பறக்கவில்லை. ஸ்பீக்கரை மானிட்டரோடு ஒட்டி வைத்தாலும் காந்தத்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

சேமித்த ஃபைல் அழியுமா?

அடுத்த பயம் இது. ஃப்ளாப்பி டிஸ்க் காலத்தில் நியாயமான பயம். 1.44 எம்பி ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சைப் புரட்ட சுமார் 70 மில்லிடெஸ்லா போதும். சாதாரணக் காந்தப்பட்டை அட்டைகளில், குறிப்பாக விடுதி அறைச் சாவியாகத் தரும் வகையில், சுமார் 30 மில்லிடெஸ்லாவே போதுமானது. பெட்டி இல்லாத பெரிய ஃபெரைட் காந்தத்தின் மேல் இவற்றை நேராக வைத்தால் அழிய வாய்ப்பு உண்டு. ஸ்பீக்கர் பெட்டிமேல் ஃப்ளாப்பி அடுக்காதே, அட்டை வைக்காதே என்று சொன்னது சரிதான். ஒலிநாடா கேசட்டுகளுக்கும் இதே புத்திமதிதான்.

ஹார்ட் டிஸ்க் விஷயம் வேறு. அதன் தட்டில் எழுதியதைப் புரட்ட சுமார் அரை டெஸ்லா வேண்டும். மேசைமேல் இருக்கும் எந்த ஸ்பீக்கரும் மரப்பெட்டியையும், இடைவெளியையும், ஹார்ட் டிஸ்க்கின் உலோக உறையையும் தாண்டி அந்த அளவுக்கு உள்ளே போகாது. இதற்கு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தாலே போதும் (கெட்டுப்போனதைத் திறங்கள், ஓடுவதைத் திறந்தால் அதோடு சரி). தட்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் பக்கத்திலேயே, விரலை நசுக்கும் அளவுக்குப் பலமான நியோடிமியம் காந்தங்கள் இருக்கும். படிக்கும் முனையைத் தாங்கிய கையை அங்கும் இங்கும் ஆட்டுவது அவற்றுக்கு நடுவே இருக்கும் ஒரு கம்பிச்சுருள். அதற்கும் பெயர் வாய்ஸ் காயில்தான். ஸ்பீக்கரிலிருந்து கடன் வாங்கிய அமைப்பு. வீட்டுக்குள்ளேயே புலியை வளர்ப்பவரை வாசலில் குரைக்கும் நாயைக் காட்டி மிரட்ட முடியாது.

எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும், சுழலும் தட்டு இல்லாத சேமிப்பான்), பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாம் மின்னேற்றமாகச் சேமிப்பவை. காந்தத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை.

அதிர்வு: உண்மையான தொல்லை

ஹார்ட் டிஸ்க்கைக் காந்தம் ஒன்றும் செய்யாது என்றேன். சத்தம் கெடுதல் செய்யும்.

உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. படிக்கும் முனை அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. எழுதப்பட்ட தடங்கள் ஒவ்வொன்றும் நூறு நானோமீட்டரைவிடக் குறுகலானவை. முனை தடத்தின் நடுவிலேயே நிற்க, நொடிக்குப் பல்லாயிரம் முறை தன்னைத் திருத்திக்கொள்கிறது. பெட்டி ஆடினால் முனை விலகும். விலகியபடி எழுதினால் பக்கத்துத் தடத்தில் எழுதிவிடும் என்பதால், விலகல் எல்லை மீறியதும் ஹார்ட் டிஸ்க் எழுதுவதை நிறுத்திவிட்டு, அதே இடம் மறுபடி சுற்றிவரும்வரை காத்திருக்கும். 7,200 சுற்று ஓடும் டிஸ்க்கில் ஒரு காத்திருப்பு என்பது 8.3 மில்லிநொடி. கேட்கச் சிறியதாக இருந்தாலும், நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ஃபைல் நகல் எடுப்பது நத்தை வேகத்துக்கு வந்துவிடும். பாட்டு ஓடும்போது மட்டும் கம்ப்யூட்டர் திக்குகிறது என்றால் இதையும் சந்தேகப்படலாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர், ஓடிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் அடுக்கின் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். திரையில் ஓடிக்கொண்டிருந்த வரைபடத்தில், அவர் கத்திய அந்த நொடியில் டிஸ்க்குகளின் தாமதம் குத்தாக ஏறியது. மனிதக் குரலுக்கே இந்தப் பாடு. 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஐஎன்ஜி வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். தீயை அணைக்கும் வாயு குழாயிலிருந்து பீறிட்டபோது எழுந்த பேரிரைச்சலிலேயே பல ஹார்ட் டிஸ்க்குகள் பழுதாகி, வங்கிச் சேவை மணிக்கணக்கில் முடங்கியது. தீயும் இல்லை, தண்ணீரும் இல்லை. சத்தம்தான்.

இன்னும் வினோதமான ஒன்றை 2022-இல் மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் எழுதினார். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், ஒரு குறிப்பிட்ட பாப் பாடலின் வீடியோவை ஓட்டினால் சில லேப்டாப்கள் செயலிழந்தன. ஓட்டிய லேப்டாப் மட்டுமா, பக்கத்தில் சும்மா இருந்த லேப்டாப்பும் சேர்ந்து விழுந்தது. அந்தப் பாடலில் இருந்த ஓர் அதிர்வெண், அவற்றில் இருந்த 5,400 சுற்று ஹார்ட் டிஸ்க்கின் இயல்பான அதிர்வெண்ணோடு பொருந்திப்போனதே காரணம். லேப்டாப் தயாரித்த நிறுவனம் அந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டிவிடும் ஏற்பாட்டை ஒலிப்பாதையில் சேர்த்துச் சமாளித்தது. பிற்பாடு இதற்கு ஒரு பாதுகாப்புக் குறைபாட்டு எண்ணே ஒதுக்கினார்கள் என்பது உபரித் தகவல்.

வீட்டு ஸ்பீக்கர் ஹார்ட் டிஸ்க்கைக் கொன்றுவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கவனிக்க வேண்டியது, காற்றில் வரும் சத்தத்தைவிட மரத்தின் வழியாகவும் தகட்டின் வழியாகவும் நேராக ஏறும் அதிர்வை. சப்வூஃபர் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறதோ, அதன்மேலேயே ஹார்ட் டிஸ்க்கும் இருக்கிறதா என்று பாருங்கள். சிபியு பெட்டிமேல் ஸ்பீக்கர் வைப்பது முதலில் ஒழிய வேண்டிய பழக்கம். சிபியுவைத் தரையில் வைத்து அதன் விலாவில் சப்வூஃபரை இடித்தாற்போல் வைப்பது அடுத்தது. பலரும் மறப்பது யுஎஸ்பியில் தொங்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கை: பேக்கப் எடுக்கும்போது அது மேசைமேல் ஸ்பீக்கர் காலடியிலேயே கிடக்கும். பேக்கப் முடியும்வரை பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. டிஸ்க்கை வேறிடத்துக்கு மாற்றினால் போதும், அல்லது மடித்த துணிமேல் வைக்கலாம். அடியில் வைக்கிறேன் என்று துணியால் சுற்றி மூடிவிட வேண்டாம், சூடேறும்.

சோதிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில், தாழ்ந்த தாளம் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை அழுத்தாமல் வையுங்கள். கையில் தெளிவாக உறுமினால் டிஸ்க்குக்கும் அது உறுமுகிறது. ஸ்பீக்கர் அடியில் தடித்த ரப்பரோ, ஸ்பாஞ்சுத் திண்டோ வைத்துவிட்டு மறுபடி கையை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அந்த நொடியே தெரியும். மேசை சேர்ந்து பாடுவது நின்றால் பாட்டும் தெளிவாகும் என்பது கூடுதல் லாபம்.

உங்கள் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி மட்டும் இருந்தால் இந்தப் பகுதி முழுவதையும் கவலையில்லாமல் மறந்துவிடலாம். ஒன்றைத் தவிர: வழுவழுப்பான மேசையில் அதிரும் சிறிய ஸ்பீக்கர்கள் மெல்ல மெல்ல நகரும். விளிம்பில் வைத்த ஸ்பீக்கர் என்றாவது ஒருநாள் கீபோர்டின் மேலோ காலின் மேலோ வந்து விழும்.

லேப்டாப் தானே தூங்கிப்போனால்

இன்றைய கருவிகளில் காந்தம் நிஜமாகவே குழப்பும் இடம் ஒன்று உண்டு. லேப்டாப் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதை அது எப்படித் தெரிந்துகொள்கிறது? பல லேப்டாப்களில் திரைச் சட்டத்தில் ஒரு சிறு காந்தமும், கீழ்ப்பாதியில் அந்தக் காந்தத்தை உணரும் ஹால் சென்சாரும் இருக்கின்றன. மூடும்போது இரண்டும் நெருங்கும். சென்சார் "மூடிவிட்டார்கள்" என்று சொல்லும். திரை அணைந்து லேப்டாப் தூங்கப்போகும். திறந்தே இருக்கும் லேப்டாப்பின் கை வைக்கும் பகுதிக்கு அருகே ஒரு ஸ்பீக்கரை நெருக்கி வைத்தால், அந்தச் சென்சாருக்கு வேறுபாடு தெரியாது. ஒரு லேப்டாப்பை இன்னொன்றின் மேல் வைத்தாலும் இதே கூத்து நடக்கும். திரை காரணமில்லாமல் அணைந்து அணைந்து வருகிறது என்றால், சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சாண் நகர்த்தினால் சரியாகிவிடும், நிரந்தரச் சேதம் எதுவும் இல்லை.

கருவிகளைவிட முக்கியமானது ஒன்று. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், காந்தம் உள்ள பொருள்களை அந்த இடத்திலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். மேசைமேல் இருக்கும் ஸ்பீக்கர் இதற்குள் வராது. மார்போடு அணைத்துத் தூக்கிச் செல்லும் ஸ்பீக்கர் வரும்.

உர்ர் என்ற இரைச்சல்

இப்போது எதிர்த்திசை. ஸ்பீக்கர் கம்ப்யூட்டரைக் கெடுப்பதைவிட, கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைக் கெடுப்பதுதான் அன்றாடம் நடப்பது.

பாட்டு ஓடாதபோதும் ஒரே சுருதியில் உர்ர் என்று உறுமுகிறதா? பெரும்பாலும் எர்த் வளையம்தான். கம்ப்யூட்டர் தன் மூன்று முனை பிளக் வழியாக எர்த்தில் சேர்ந்திருக்கிறது. ஸ்பீக்கரின் ஆம்ப்ளிஃபையரும் தன் பிளக் வழியாகச் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் ஆடியோ கேபிளின் வெளிப்பின்னல் இன்னொரு வழியாக இணைக்கிறது. இப்படி ஒரு வட்டம் உருவானால், இரண்டு எர்த் முனைகளுக்கும் இடையே இருக்கும் சிறிய மின்னழுத்த வேறுபாடு ஆடியோ கேபிள் வழியாக ஓட்டமெடுக்கும். உங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பதைப் பொறுத்து, அந்த அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் ஸ்பீக்கரில் கேட்கும். லேப்டாப் என்றால் கண்டுபிடிப்பது சுலபம்: சார்ஜரைக் கழற்றுங்கள். இரைச்சல் சட்டென்று நின்றால் திருடன் பிடிபட்டான்.

முதல் மருந்து செலவில்லாதது. கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஆடியோ கேபிளின் நடுவில் செருகும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டர் கிடைக்கிறது. புளூடூத்திலோ ஆப்டிகல் கேபிளிலோ இணைத்தாலும் வட்டம் அறுந்துவிடும். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: பிளக்கின் எர்த் முனையை உடைப்பது, அல்லது அதன்மேல் டேப் சுற்றிச் செருகுவது. இரைச்சல் நிற்கும், மறுக்கவில்லை. உள்ளே என்றைக்காவது மின்கசிவு ஏற்பட்டால் அது போவதற்கு இருக்கும் ஒரே வழி நீங்களாக இருப்பீர்கள்.

மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கிர்ர்ர் என்று கேட்டால் அது வேறு வகை. கம்ப்யூட்டருக்கு உள்ளேயே நடக்கும் மின் ஆட்டம் ஒலிப்பாதையில் கலக்கிறது. முன்பக்கத் துளைக்குப் பதிலாகப் பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள். வெளியே வைக்கும் யுஎஸ்பி ஒலியட்டை ஒன்று இதைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கனமான அடாப்டர்களையும், யுபிஎஸ், ஸ்டெபிலைசர் போன்றவற்றையும் ஆடியோ கேபிளிலிருந்து விலக்குங்கள். மின்கம்பியும் ஆடியோ கேபிளும் கூடவே ஓட வேண்டாம். குறுக்கே வெட்டிப் போனால் தவறில்லை.

அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்பே ஸ்பீக்கர் "டிட்டிடிட் டிட்டிடிட்" என்று கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். 2ஜி ஃபோன்கள் தொடர்ச்சியாக அலையை அனுப்பாமல் நொடிக்கு 217 துண்டுகளாக வெட்டி வெட்டி அனுப்பும். அந்த வெட்டலை ஆம்ப்ளிஃபையர் ஒலியாக எடுத்துக்கொள்கிறது. 4ஜியில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. மிச்சம் இருந்தால் ஃபோனை ஓரடி நகர்த்துங்கள்.

புளூடூத் ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடினால் இன்னோர் இடத்தையும் பார்க்கலாம். யுஎஸ்பி 3.0 கேபிள்களும் இணைப்புகளும் புளூடூத் இயங்கும் அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சல் கிளப்புகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. புளூடூத் டாங்கிளுக்கு (யுஎஸ்பியில் செருகும் சிறிய புளூடூத் துண்டு) பக்கத்துத் துளையில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால், டாங்கிளைச் சிறிய நீட்டிப்பு ஒயரில் மாட்டித் தள்ளிவைப்பதே போதும்.

காற்றுக்கு வழி, காதுக்கு நேர்

சூட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கருக்கு முதுகில் உலோக விசிறிமடிப்பு இருக்கும், அது சுவரோடு ஒட்டக்கூடாது. கம்ப்யூட்டரின் காற்றுத் துளைகளை ஸ்பீக்கர் மறைக்கக்கூடாது. லேப்டாப்பின் சூடான காற்று வெளிவரும் பக்கத்தில் ஸ்பீக்கரைச் சுவர்போல நிறுத்துவதும் அதே தப்புதான். யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஸ்பீக்கர்களுக்கு யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லிஆம்பியர்தான். தனி மின் இணைப்பு இல்லாத யுஎஸ்பி ஹப் ஒன்றில் அதையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து மாட்டினால் இரண்டும் பட்டினி கிடக்கும். சத்தம் கூட்டும்போது டிஸ்க் கழன்றுபோகும்.

பாதுகாப்பு முடிந்தது என்றால், நல்ல இடத்துக்கும் அதே சிரத்தையைக் கொடுக்கலாம். இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணத்தின் மூலைகளாக இருக்கட்டும். உச்ச ஒலி தரும் சிறிய ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். மேசையில் தாழ்வாக இருந்தால் முகப்பைச் சற்று நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். பின்பக்கம் காற்றுக்குழாய்த் துளை உள்ள ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு சாணாவது விலக்காவிட்டால் தாழ்ந்த ஒலி மொத்தையாகிவிடும். சுவர் மூலைக்குள் திணித்தால் இன்னும் மோசம்.

மைக் வைத்துப் பேசுபவர்கள் அதை ஸ்பீக்கரின் முகத்துக்கு முன்னால் நிறுத்தாமல், ஸ்பீக்கர்களுக்குப் பின்வாட்டில் வைத்தால் கீச்சென்ற ஊளை வராது. கம்ப்யூட்டரை முதலில் ஆன் செய்து, அது எழுந்த பிறகு ஸ்பீக்கரை ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது ஸ்பீக்கரை முதலில் அணையுங்கள். கம்ப்யூட்டர் எழும்போதும் படுக்கும்போதும் ஒலிப்பாதையில் ஒரு திடீர் மின்துடிப்பு கிளம்பும். வரிசை மாறினால் அந்தத் துடிப்பு முழுச் சத்தத்தில் "டப்" என்று கூம்பைத் தள்ளும். சிறிய ஸ்பீக்கர் அதைப் பொருட்படுத்தாது. பெரிய ஆம்ப்ளிஃபையரோடு இணைத்த நல்ல ஸ்பீக்கர்களை வைத்திருப்பவர்கள் வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.